கையெழுத்து வெட்டப்பட்ட ஓவியங்கள்: எப்படித் தேடுகிறீர்கள், எப்படிப் பகிர்கிறீர்கள்?

#1 துணிக்கொடி

என் கணினியில் ‘பிடித்தவை’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒன்பது வருடமாகச் சேர்த்தது. நேற்று பார்த்தபோது 1,412 படங்கள் இருந்தன. வேற்றுக்கிரக நகரங்கள், இயந்திர மீன்கள், ஆளில்லாத விண்கலத்துக்குள் முளைத்த செடிகள், இப்படி. யார் வரைந்தது என்று என்னால் சொல்ல முடிந்தவை அறுபதுகூடத் தேறாது. மீதி எல்லாம் எங்கோ பார்த்து, பிடித்துப்போய், சேமித்துப் போட்டவை.

அதில் ஒரு படம் எனக்கு ரொம்ப நெருக்கம். துணிக்கொடியில் ஒரு விண்வெளி உடை காய்கிறது. கைகள் இரண்டும் தளர்ந்து தொங்குகின்றன. அதிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் போகிறது. சதுரப் படம். கீழ் ஓரத்தில் ஒரு கையெழுத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். இங்கே நான் வைத்திருக்கும் பெயரே அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் டின்ஐ தளத்தில், போன வாரம் அதைக் கொடுத்துத் தேடினேன். முதலில் வந்தவை எல்லாம் என்னிடம் இருக்கும் அதே சதுரம். முடிவுகளைப் பெரிய படம் முதலில் வரும்படி அடுக்கினேன். மூன்றாவதாக நெட்டுவாக்கில் ஒரு படம் வந்தது. திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சதுரத்துக்காக வெட்டி எறியப்பட்ட மேல்பகுதியில் ஒரு ஏணி இருக்கிறது. ஏணியின் உச்சியில் ஒரு சிறுமி வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே போகும் துளிகள் எல்லாம் அந்த வாளிக்குள் போகின்றன.

படத்தின் கீழே கையெழுத்து முழுசாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வரைந்தவரின் சொந்தப் பக்கத்துக்குப் போனேன். அது 12 படங்கள் கொண்ட ஒரு கதை. என்னிடம் இருந்தது 7ஆவது. அந்த உடை அந்தச் சிறுமியின் அம்மாவுடையது.

ஒன்பது வருடம் நான் பார்த்து ரசித்தது ஒரு துண்டு. இதை எல்லாரிடமும் கேட்க வேண்டும் போல இருக்கிறது. ஓவியங்களையும் அறிபுனை என்கிற அறிவியல் கற்பனைக் கதைகளையும் நீங்கள் எங்கே, எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? பிடித்ததை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்கிறீர்கள்?

#2 நெடுங்கோடு

நான் வரைகிறவள், அதனால் இந்தக் கதையை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் வரைந்த ஒரு படத்தை, லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்கள் உள்ள ஒரு பக்கம் எடுத்துப் போட்டது. கீழே ‘படம்: இணையம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த வருத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பதினெட்டு நாள் ராத்திரி உட்கார்ந்து வரைந்தது அது. இணையம் எதையும் வரைவதில்லை. கருத்துப் பகுதியில் எத்தனையோ பேர் ‘யார் வரைந்தது?’ என்று கேட்டிருந்தார்கள். ஆசையாகத்தான் கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. நானே போய்ச் சொன்னேன், ஆயிரம் கருத்துகளுக்கு அடியில் அது போய்விட்டது.

பெயர் எப்படிக் காணாமல் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படக் கோப்புக்குள்ளேயே வரைந்தவர் பெயர், உரிமை, தொடர்பு எல்லாம் எழுதிவைக்க இடம் உண்டு. நான் எல்லாவற்றிலும் எழுதித்தான் வைக்கிறேன். ஆனால் பெரும்பாலான சமூக வலைத்தளங்கள் படத்தை ஏற்றும்போது சுருக்கி மறுபடி சேமிக்கின்றன, அந்தத் தகவலில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மிச்சமும் இல்லை. சதுரமாக வெட்டினால் மூலையில் போட்ட கையெழுத்தும் போய்விடும்.

அதனால் இப்போது மூலையில் போடுவதில்லை. படத்தில் எங்கே கண் நிற்குமோ அதற்குப் பக்கத்திலேயே, அங்கிருக்கும் பொருளின் மேலேயே எழுதிவிடுகிறேன். கப்பல் என்றால் கப்பலின் பக்கவாட்டில் பொறித்த எழுத்து மாதிரி. கதவு என்றால் கதவுச் சட்டத்தில். வெட்டினால் படமும் சேர்ந்து வெட்டுப்பட வேண்டும்.

#3 பழுப்புத்தாள்

துணிக்கொடி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முப்பது வருடமாக அறிபுனை படிக்கிறேன். எனக்குப் பிடித்த ஓவியர்கள் பாதிக்கு மேல் கதைகளின் வழியாக வந்தவர்கள்தான்.

ஆங்கிலத்தில் வரும் அறிபுனை இதழ்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் 2000இலிருந்து வருகிறது. கிளார்க்ஸ்வேர்ல்டு 2006இல் தொடங்கியது, லைட்ஸ்பீட் 2010இல். ரியாக்டர் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் டோர்.காம் 2008இல் வந்தது. ரியாக்டரில் வெளியிடும் புதிய கதைகளுக்கு அந்தந்தக் கதைக்கென்றே ஓவியரிடம் சொல்லி வரையவைப்பார்கள். வரைந்தவர் பெயர் கதைப் பக்கத்திலேயே இருக்கும். நான் ஒரு கதை பிடித்தால் கீழே வந்து அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வேன். அவருடைய பக்கத்துக்குப் போனால் அவர் வேறு எந்தக் கதைகளுக்கு வரைந்திருக்கிறார் என்று தெரியும். அந்தக் கதைகளைப் படிப்பேன். அங்கே ஒரு புது எழுத்தாளர் கிடைப்பார். இப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

பழைய அட்டைப்படங்களுக்கு ஐஎஸ்எஃப்டிபி என்ற அறிபுனை நூல் தரவுத்தளத்தை விட்டால் வேறு கதியில்லை. 1995இலிருந்து தன்னார்வலர்கள் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு புத்தகத்தின் பெயரைக் கொடுத்தால் எந்தெந்தப் பதிப்பு எந்த வருடம் வந்தது, ஒவ்வொன்றுக்கும் அட்டை வரைந்தவர் யார் என்று காட்டும். ஓவியரின் பெயரைச் சொடுக்கினால் அவர் வரைந்த அட்டைகள் எல்லாம் வருடவாரியாக வந்து நிற்கும். துணிக்கொடியின் ஃபோல்டரில் புத்தக அட்டை மாதிரி இருப்பவற்றை முதலில் அங்கே பார்க்கச் சொல்வேன்.

அறிபுனைக்கு வருடந்தோறும் தரும் ஹியூகோ விருதில் ஓவியர்களுக்கு இரண்டு பிரிவு உண்டு. தொழில்முறை ஓவியருக்கு ஒன்று, ரசிக ஓவியருக்கு ஒன்று. வென்றவரைவிட இறுதிப் பட்டியலைப் பாருங்கள். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெயர் கையில் கிடைக்கும்.

#4 நடுநிசி

எல்லாரும் சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பெயர் தெரியாவிட்டால் பகிரவே கூடாது என்றால் துணிக்கொடிக்கு அந்தப் படம் வந்தே இருக்காதே? யாரோ வெட்டி, பெயரில்லாமல் போட்டதால்தான் அது அவரிடம் வந்தது, அதனால்தான் ஒன்பது வருடம் கழித்தாவது ஓவியரைக் கண்டுபிடித்தார்.

சிமோன் ஸ்டோலன்ஹாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் கிராமப்புறம், பனி, பழைய கார், அதற்குப் பின்னால் துருப்பிடித்த பெரிய இயந்திரம் என்று வரைபவர். அவர் படங்கள் கைமாறிக் கைமாறி உலகம் முழுக்கப் போயின. பிறகு புத்தகம் வந்தது, அதை வைத்து 2020இல் தொலைக்காட்சித் தொடரே வந்தது. பகிர்ந்தவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் பெயர் போட்டார்களா? நிச்சயமாக இல்லை. பகிராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

#5 நெடுங்கோடு

நடுநிசி, உங்கள் கேள்வி நியாயமானது, அதனால் யோசித்து எழுதுகிறேன்.

ஸ்டோலன்ஹாக் தன் படங்களைத் தன் சொந்தத் தளத்தில் வரிசையாக வைத்திருந்தார். ஒரு படத்தைப் பார்த்தாலே இன்னொன்றும் அவருடையது என்று சொல்லிவிடலாம், அவ்வளவு தனிக்கை. நூறு பேர் பெயர் போடாமல் பகிர்ந்தாலும் ஒருவர் போட்டால் போதும், போய்ச் சேர ஒரு வீடு இருந்தது. வரையத் தொடங்கி இரண்டு வருடமான ஒருவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய ஒரே நல்ல படம் பெயரில்லாமல் ஊர் சுற்றினால் அது அவரிடம் திரும்பி வரவே வராது. துணிக்கொடி தேடிப் போனார். அந்தச் சதுரத்தைச் சேமித்த மற்றவர்கள் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

#6 கண்ணாடிவிரியன்

இதற்குப் பொருத்தமான சம்பவம் ஒன்று சொல்கிறேன். எஸ்சிபி பலருக்கும் தெரிந்திருக்கும். விநோதப் பொருட்களை அடைத்துவைக்கும் ஒரு ரகசிய நிறுவனத்தின் ஆவணங்கள் மாதிரி, ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதும் திகில் அறிபுனை. அதன் முதல் கதை 173. 2007இல் பெயர் போடாமல் ஒரு படத்தோடு வந்தது. அடுத்த வருடம் அதற்கென்று தனி விக்கி தொடங்கினார்கள்.

அந்தப் படத்தில் இருந்தது ஜப்பானியக் கலைஞர் இசுமி காட்டோவின் சிற்பம். அவரைக் கேட்காமல் எடுத்தது. கதைக்கும் அவர் அந்தச் சிற்பத்தைச் செய்த எண்ணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விஷயம் தெரியவந்தபோது, காசு பார்க்காத வரைக்கும் இருக்கட்டும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் எஸ்சிபி எழுத்து முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. பெயர் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் விற்கக்கூடச் செய்யலாம். எழுத்துக்கு ஒரு சட்டம், அதே பக்கத்தில் இருக்கும் படத்துக்கு வேறு சட்டம். பல வருடம் இந்த முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் 2022இல் அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அந்தக் கதை படமில்லாமல் நிற்கிறது, அப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

நான் அந்த எழுத்தை நேசிக்கிறவன். படம் போனபோது எனக்கு ஒரு இழப்பு மாதிரி இருந்தது உண்மை. அது எடுக்கப்பட்டது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

#7 மூன்றாம்நிலா

இழை கொஞ்சம் திசைமாறினால் மன்னியுங்கள். நான் எழுதுகிறவள். என்னிடம் ஆறு கதை இருக்கிறது, ஒன்றைக்கூட யாரும் படித்ததில்லை. என் வலைப்பூவில் போடலாமா, இல்லை இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் போடலாமா? ஆங்கிலத்திலும் இரண்டு எழுதியிருக்கிறேன். பழுப்புத்தாள் ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

#8 பழுப்புத்தாள்

மூன்றாம்நிலா, வலைப்பூவில் போடுவதற்கு முன் கேட்டீர்களே, நல்லது.

பெரும்பாலான இதழ்கள் கேட்பது முதல் வெளியீட்டு உரிமை. எல்லாரும் படிக்கும்படி எங்கே போட்டாலும், அது பத்துப் பேர் வரும் வலைப்பூவாகவே இருந்தாலும், கதை வெளியாகிவிட்டதாகத்தான் கணக்கு. பிறகு அதை மறுபிரசுரமாக மட்டுமே அனுப்ப முடியும். அதை வாங்கும் இதழ்கள் குறைவு, காசும் குறைவு. கடவுச்சொல் போட்ட ஒரு சிறு வட்டத்துக்குள் காட்டிக் கருத்துக் கேட்பதை அநேக இதழ்கள் ஏற்கும், ஆனாலும் ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிடுங்கள். ஒரே கதையை இரண்டு இடத்துக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது என்று பார்க்க சப்மிஷன் கிரைண்டர் என்ற இலவசத் தளம் இருக்கிறது. அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி எல்லாம் அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.

எழுத்தாளர் ஆண்டி வியர் ‘தி மார்ஷியன்’ என்ற தன் செவ்வாய்க் கிரகக் கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டார். வாசகர்கள் அறிவியல் பிழைகளை எடுத்துச் சொல்ல, அவர் திருத்திக்கொண்டே போனார். 2015இல் அது திரைப்படமாகவே வந்தது. அது நாவல், அதற்கு அந்த வழி சரியாக இருந்தது. சிறுகதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் ஆறில் நாலை அனுப்புங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டில் ஒன்றை வலைப்பூவில் போடுங்கள். யாராவது உங்கள் பெயரைத் தேடி வந்தால் படிக்க ஒன்று இருக்க வேண்டும்.

நிராகரிப்பு வந்தால் மனம் உடைய வேண்டாம். ஆசிரியர்களின் மேசை இப்போது இருக்கும் நிலையும் அப்படி. 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்டு ஆசிரியர் நீல் கிளார்க் கதை வாங்குவதையே தற்காலிகமாக நிறுத்த வேண்டிவந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக்கொண்டு எழுதவைத்த கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் வந்து குவிந்தன. மனிதர் எழுதியதைத் தேடி எடுக்கவே அவர்களுக்கு நேரம் போய்விடுகிறது.

#9 மூன்றாம்நிலா

இது போதும் ஐயா. இன்றைக்கே ஒன்றை அனுப்பிவிடுகிறேன்.

#10 வரிக்குதிரை

யாரும் குறிச்சொல்லை (டேக்) பற்றிப் பேசவில்லையே? தமிழில் தேடும்போது எனக்கு இதுதான் பெரிய கஷ்டம். ஒருவர் ‘அறிபுனை’ என்று போடுகிறார், இன்னொருவர் ‘அறிபுனைவு’, மூன்றாமவர் ‘அறிவியல் புனைகதை’, நாலாமவர் ‘விஞ்ஞானக் கதை’. பேய், மாயம் கலந்ததற்கு ‘மிகுபுனைவு’, ‘மாயப்புனைவு’, ‘ஃபேன்டஸி’. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நல்ல கதைகள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு ஒன்றையொன்று தெரியாமல் இருக்கின்றன.

பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் ரசிகப் புனைவுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தில் இதற்கென்றே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எழுதுகிறவர் தன் இஷ்டப்படி குறிச்சொல் போடலாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, ஒரே பொருளுள்ளவற்றை ஒன்றோடொன்று முடிந்துவைக்கிறார். எதைத் தேடினாலும் எல்லாம் வரும். 2019இல் அந்தத் தளத்துக்கே ஹியூகோ விருது கிடைத்தது. நம்மிடம் அப்படி ஆள் இல்லாத வரைக்கும், எழுதுகிறவர்களே மூன்று நாலு வடிவத்தையும் சேர்த்துப் போடுங்கள். அரை நிமிட வேலை.

#11 கண்ணாடிவிரியன்

வரிக்குதிரை சொன்னதோடு இன்னொன்று. ஒரு தளத்தில் புதிதாக வருவதைத் தானாக நம்மிடம் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடையை மறக்காதீர்கள். அந்த ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடியதும் பலர் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். ஓடை இன்னும் இருக்கிறது. வலைச்சித்திரத் தொடர், இதழ், வலைப்பூ பெரும்பாலானவற்றுக்கு உண்டு. நான் ஒரு ஓவியரைப் பிடித்தால் அவருடைய சொந்தத் தளத்தின் ஓடையைச் சேர்த்துவிடுவேன். அவர் மாதத்துக்கு ஒரு படம் போட்டாலும் அது எனக்கு வந்துவிடும். எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று நடுவில் யாரும் முடிவு செய்வதில்லை.

#12 நடுநிசி

நெடுங்கோடு, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். வரையத் தொடங்கி இரண்டு வருடமானவர் பற்றிச் சொன்னீர்களே, அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் நடத்தும் பக்கத்தில் இனிமேல் தேடிப் பார்க்காமல் எதையும் போடுவதில்லை.

ஆனால் தேடுவதே இப்போது சிரமமாகிவிட்டதே? பாதிப் படங்கள் இயந்திரம் உருவாக்கியவை. எத்தனை தேடினாலும் வரைந்தவர் கிடைப்பதில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லை.

#13 நெடுங்கோடு

நான் பார்ப்பது படத்தை இல்லை, படத்தைச் சுற்றி இருப்பதை. வரைகிறவரின் பக்கத்தில் கரடுமுரடான ஸ்கெட்ச் இருக்கும், பாதியில் விட்டது இருக்கும், ஐந்து வருடத்துக்கு முந்தைய மோசமான கை இருக்கும். கை எப்படித் தேறி வந்தது என்று தெரியும். ஒரே மாதத்தில் முந்நூறு பளபளப்பான படம், அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். புதியவர்கள் மேல் சட்டென்று பழி போடுவதிலும் கவனம் வேண்டும். சொந்தமாக வரைந்தவரைப் பார்த்து ‘இது இயந்திரம்தானே’ என்று கேட்டால் அவர் வரைவதையே விட்டுவிடலாம்.

2022 டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் என்ற ஓவியர் தளத்தில் ஏராளமான ஓவியர்கள் இயந்திரப் படங்களை எதிர்த்துத் தங்கள் பக்கத்தில் ஒரே எதிர்ப்புப் படத்தை ஏற்றியது நினைவிருக்கிறதா? முகப்பு முழுக்க அதே படம்தான் நின்றது. நானும் ஏற்றினேன். தனித்தனியாக அறையில் உட்கார்ந்து வரைகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

#14 துணிக்கொடி

இரண்டு வாரமாயிற்று. நீங்கள் சொன்னபடியே ஃபோல்டரைத் தோண்ட ஆரம்பித்தேன். இதுவரை 43 படத்துக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்பது ஐஎஸ்எஃப்டிபி வழியாக. பதினோரு பக்கங்கள் இப்போது திறக்கவே இல்லை. அவற்றில் நாலு மட்டும் பழைய பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் இருந்தன. இலவசமாகச் சொந்தப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியபோது இப்படித்தானே எத்தனையோ பேரின் முதல் படங்களும் முதல் கதைகளும் போயிருக்கும். அதனால் இப்போது யாருடைய பக்கத்தைக் கண்டுபிடித்தாலும் முதல் வேலையாக அதன் முகவரியை வேபேக்கில் கொடுத்துச் சேமிக்கச் சொல்லிவிடுகிறேன்.

பகிரும் விதமும் மாறிவிட்டது. படத்தை இறக்கி மறுபடி ஏற்றுவதில்லை. அவர் போட்ட இடத்திலிருந்தே பகிர்கிறேன். அது முடியாதபோது பெயரை முதல் வரியில் எழுதுகிறேன், பக்கத்தின் சுட்டி இரண்டாவது வரி. பிறகு எனக்கு ஏன் பிடித்தது என்று நாலு வரி. ‘அருமை’ என்று எழுதினால் யாரும் சுட்டியைத் தொடுவதில்லை. ‘ஏணியில் நிற்கும் சிறுமியின் கால்விரல்களைப் பாருங்கள், எட்டாததால் எக்கி நிற்கிறாள்’ என்று எழுதியபோது அன்றைக்கே பலர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசினார்கள். பார்க்க முடியாதவர்களுக்காகப் படத்தின் விவரிப்பையும் சேர்க்கிறேன். அதை எழுதும்போதுதான் நானே படத்தை ஒழுங்காகப் பார்க்கிறேன்.

அந்தத் துணிக்கொடி ஓவியருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. உங்களிடம் இருந்தது சதுரமா, நெட்டுப் படமா என்று கேட்டிருந்தார். சதுரம் என்று சொன்னேன். அந்தச் சதுரத்தை அவர் பல இடங்களில் பார்த்திருக்கிறாராம். 12 படங்களில் அந்த ஏணியை வரையத்தான் அதிக நாள் ஆனதாம். சிறுமியின் எடை தாங்குவது போலத் தெரிய வேண்டும் என்று ஆறு முறை அழித்து வரைந்திருக்கிறார். கதையின் தொடர்ச்சியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார், வந்ததும் சுட்டியை இங்கேயே போடுகிறேன்.

பழைய சதுரத்தை அழித்துவிட்டேன். முழுப் படம் இருக்கிறது. கோப்பின் பெயரிலேயே அவர் பெயரும் வருடமும்.

அடுத்தது இயந்திர மீன். டின்ஐ, ஐஎஸ்எஃப்டிபி இரண்டிலும் இல்லை. பக்கவாட்டில் நீந்தும் மீன், இடது செதிலில் மூன்று திருகாணிகள், ஒன்று கழன்றிருக்கிறது. வயிற்றில் சிறு ஜன்னல், உள்ளே விளக்கு எரிகிறது, ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்து எதையோ எழுதுகிறார். நீலத்தை விடப் பச்சை அதிகம். நான் சேமித்த தேதி 2017 மார்ச், அதற்கு முன் வந்ததாக இருக்க வேண்டும். யாராவது பார்த்திருக்கிறீர்களா?